வேணிக்கு வைரஸ் வருமா?

1

“என் ஜீன் ரிசல்ட்டை என்கிட்ட சொல்லுங்க.”

இதுதான் கதையின் முதல் வரி. நான் யோசித்து எழுதியதல்ல. டாக்டர் செல்வமேரியின் மேசைக்கு முன்னால், உட்காரச் சொல்லியும் உட்காராமல், வேணி சொன்னது. அப்படிக் கேட்கவே கூடாது என்று அவளிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னவள் நான்தான்.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் (பெயர் வேண்டாம், வேலை போய்விடும்) ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் ரத்தம் வாங்குவோம். அவர்களுடைய மரபணுக்களைப் படிப்போம். பிறகு யாருக்கு வைரஸ் தொற்று வந்தது, யாருக்கு வரவில்லை என்று பொருத்திப் பார்ப்போம். ரத்தம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒப்பிப்பேன்: “இது ஆராய்ச்சிக்கு மட்டும்தாங்க. உங்க தனிப்பட்ட ரிசல்ட் தர மாட்டோம். கேக்கவும் கூடாது.” எல்லோரும் தலையாட்டுவார்கள். வேணியும் ஆட்டினாள். எட்டு மாதம் கழித்து வந்து கேட்டாள்.

அறையின் மூலையில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. ஒரு கதை என் கண்ணெதிரே எழுந்து நின்று டாக்டரை முறைத்துக்கொண்டிருந்தது. விடுவேனா?

எழுதலாமா என்று வேணியிடம் கேட்டேன். ஒரே நிபந்தனை போட்டாள்: எழுத எழுத அவளுக்கு அனுப்ப வேண்டும். ஒத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

2

முதலில் எழுதிய தொடக்கங்கள்:

(அ) காவிரியில் தண்ணீர் வந்திருந்த நாள் அது. மலைக்கோட்டையின் மேல் வெயில் மெல்ல —

(ஆ) மரபணு என்பது ஒரு நூலகம். அதன் அலமாரிகளில் —

(இ) வேணி கண்களைத் துடைத்துக்கொண்டு —

மூன்றையும் அனுப்பினேன். வாட்ஸப்பில் பதில் வந்தது.

“அ: காவிரி எதுக்கு? நான் அண்ணன் வண்டியில வந்தேன், வழி பூரா அவன் முதுகுதான் தெரிஞ்சுது. ஆ: நூலகம் எல்லாம் பத்தாங்கிளாஸ் புக்குலயே இருக்கு, வேற யோசி. இ: நான் எப்படி அழுதேன்? எப்ப அழுதேன்?”

சற்றுக் கழித்து இன்னொன்று: “அரவிந்தன்தான் அழுதான். அதை எழுது. இல்ல, எழுதாத. தெரியல.”

3

வேணி திருவெள்ளறைக்காரி. அப்பா ராமருக்கு வாழையும் நெல்லும். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான், எம்.எஸ்ஸி. கணிதம். [என் வீட்டிலும் நான்தான் முதல். ‘முதல் பட்டதாரி’ என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுக்கும். அதை வாங்கிப் பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டு, அதே வாயால் ‘படிச்ச திமிரு’ என்பார்கள். இது கதைக்குத் தேவையில்லை. இருக்கட்டும், அடிக்க மாட்டேன்.]

படிப்பு முடியும் நேரத்தில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் போயின. டயாலிசிஸ். அண்ணன் அரவிந்தன், யாரும் கேட்காமலே, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். நம் பக்கத்தில் அம்மா மகனுக்குக் கொடுப்பாள், மனைவி புருஷனுக்குக் கொடுப்பாள், அக்கா தம்பிக்குக் கொடுப்பாள். ஒரு ஆண், பெண்ணுக்குக் கொடுத்தால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். பார்த்தது.

அப்புறம்தான் காவல் ஆரம்பித்தது. புதிதாக வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று நினைத்து அடித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தணித்து வைப்பார்கள். தணிந்த நேரம் பார்த்து வைரஸ் தலைதூக்கலாம். டாக்டர் இதை விளக்கியபோது அந்த வீட்டுக்குப் புரிந்தது ஒன்றுதான்: வைரஸ் வெளியிலிருந்து வரும், ஆகவே வாசலை அடை.

வேணிக்குத் தனி அறை, தனித் தட்டு, தனித் தம்ளர். பார்க்க வருகிறவர்கள் மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிவிட்டு வாசலோடு பேசிவிட்டுப் போக வேண்டும். பஸ் கூடாது, கடை கூடாது, பெருமாள் கோயில் கூட்டம் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா பவுனம்மாள் திருஷ்டி சுற்றிப் போடுவாள்.

“ஒரு சுத்து உனக்கு. ஒரு சுத்து கிட்னிக்கு.”

“அதுக்குத் தனியாவாம்மா?”

“பின்ன? அது உன்னுதா? எம் புள்ளையோடதுடி.”

இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள் வேணி. அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னாள்: “முன்னெல்லாம் மாசத்துக்கு மூணு நாள் தனித் தட்டு. இப்ப முப்பது நாளும்.”

அந்த அறைக்குள்ளிருந்தே அவள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரி, கணித விரிவுரையாளர். நேர்காணல் வீடியோவில் நடந்தது. பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். போனை ஜன்னல் கம்பியில் கட்டி, பீரோக் கதவைக் கரும்பலகையாக்கி, சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, நிகழ்தகவு நடத்தினாள். வெளியே பவுனம்மாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“யாருகிட்டங்க கத்துறா இவ? உள்ள யாருமே இல்லியே?”

“பாடம் நடத்துதாம்” என்றார் ராமர்.

“பீரோவுக்கா?”

வேலை கிடைத்தது. சேர வேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியத்துக்குள் நேரில் வர வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு. அதே வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி செக்கப்பும். அரவிந்தன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

“வேணாம்.”

“ஏன்?”

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஆயிரம் பேரு தும்முறான். எங் கிட்னியக் கொண்டுபோயி அங்க நிறுத்துவியா?”

3 (மறுபடியும்)

மேலே உள்ள அரவிந்தன் இரண்டாவது அரவிந்தன். முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். அடர்ந்த மீசை, சிவந்த கண், ‘பொட்டச்சிக்கு எதுக்கு வேலை’ என்று ஒரு வசனம். எழுத எழுத எனக்குச் சுகமாக இருந்தது. யார் யார் மேலிருந்த கோபமோ அவன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேணி போனில் கூப்பிட்டாள்.

“ஏன்டி அவனை இப்படி எழுதியிருக்க? ரௌடி மாதிரி நடந்து வர்றான்.”

“உன்னைப் பூட்டி வச்சவன்தானே?”

“பூட்டல. எங்க வீட்டுல பூட்டே கெடையாது. அட்மிட் ஆகறதுக்கு முன்னாடி அவன் என்ன பண்ணான் தெரியுமா? புரோட்டா தின்னுக்கிட்டே போட்டோ எடுத்து அனுப்புனான். ‘ரெண்டு கிட்னியும் சேந்து திங்கிற கடைசி புரோட்டா’ன்னு.”

“அப்ப நல்லவனா எழுதவா?”

“நல்லவன்தான். அதான்டி பிரச்சினை. கெட்டவனா இருந்தா என்னிக்கோ கெளம்பிப் போயிருப்பேன்.”

கெட்டவனை அடித்துவிட்டேன். இரண்டு பக்கம் போச்சு. ஆனால் இந்தக் கதை என்ன கதை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

“இன்னொண்ணு கேக்கணும்” என்றேன். “நீ கணக்குக்காரி. ஜீன் ரிசல்ட் வெறும் நிகழ்தகவுதான்னு உனக்கே தெரியும். அப்புறம் எதுக்குக் கேட்ட?”

“எனக்குத் தெரியும். அவனுக்கு டாக்டர் வாயிலேர்ந்து வந்தாத்தான் வேதம். ‘உந் தங்கச்சிக்கு ஆபத்து கம்மிப்பா’ன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா, அவனே வண்டியில கொண்டுபோய் எறக்கி விடுவான்னு நெனச்சேன்.”

4

இனி வைரஸ். கதை போதும், அறிவியல் வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். திருடன் யார் என்று தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

பி.கே. வைரஸ்* என்று ஒன்று. சின்ன வயதிலேயே நம்மில் பெரும்பாலோருக்குள் நுழைந்து, சிறுநீரகத்தில் பாய் விரித்துப் படுத்துவிடும். ஆயுசு முழுக்கத் தூக்கம். நமக்குத் தெரியவும் தெரியாது. படிக்கிற உங்களுக்குள்ளும் அநேகமாக இருக்கிறது, எழுதுகிற எனக்குள்ளும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும்போது சிலருக்கு அது விழித்துக்கொள்கிறது. விழித்தால் புதுச் சிறுநீரகத்தையே அரிக்கலாம்.

சிலருக்கு! ஏன் சிலருக்கு மட்டும்? ஒரே வயது, ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்கு விழிக்கிறது, பக்கத்துக் கட்டில்காரருக்கு விழிக்கவில்லை. இந்தக் கேள்வியைப் போல என்னை வேறு எந்தக் காதலும் படுத்தியதில்லை. எச்.எல்.ஏ. என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. செல்லுக்குள் புகுந்தவனின் துண்டு ஒன்றை வெளியே தூக்கிப் பிடித்து, ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று காவல் செல்களுக்குக் காட்டும் வேலை அதனுடையது. ஆளுக்கு ஆள் அது வேறு. சிலருடையது இந்த வைரஸின் துண்டைக் கெட்டியாகப் பிடிக்கும், சிலருடையது நழுவ விடும். இது ஒன்றுதானா? இன்னும் எத்தனையோ. எங்கள் வரைபடத்தில் ஆளுக்கொன்றாக வைத்த புள்ளிகள் முதன்முதலாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றபோது நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார்கள், பல்லி விழுந்துவிட்டதென்று நினைத்து.

ஆனால் அந்த இரண்டு கூட்டமும் சுத்தமாகப் பிரியவில்லை. நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆபத்து அதிகம் என்ற பக்கத்தில் நல்லபடியாக இருப்பவர்கள். ஆபத்து குறைவு என்ற பக்கத்தில் வைரஸ் வந்தவர்கள். மரபணு நூறு வேணிகளைப் பற்றிப் பேசும். எனக்கு இருப்பதோ ஒரு வேணி.

[இங்கே ‘விதி’ என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஜோசியக்காரன் பேச்சு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

* பி.கே. என்பது ஒரு மனிதருடைய பெயரின் முதலெழுத்துகள். அரை நூற்றாண்டுக்கு முன் சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவர். அவருடைய சிறுநீரில்தான் இதை முதலில் கண்டார்கள். அவருக்கு என்ன பிடிக்கும், யார்மேல் கோபம், எதுவும் நமக்குத் தெரியாது. இரண்டு எழுத்து மட்டும் மிச்சம், அதுவும் வைரஸுக்குப் போய்விட்டது. நான் வேணிக்கு முழுப் பெயர் கொடுத்ததற்கு இதுதான் காரணம். (உண்மைப் பெயரல்ல. அவளே தேர்ந்தெடுத்தது.)

5

வெள்ளிக்கிழமை, டாக்டரின் அறை. வேணி கேட்டாயிற்று. டாக்டர் செல்வமேரி எழுதுவதை நிறுத்தினார்.

“வேணிம்மா, ரத்தம் எடுக்கும்போதே சொன்னோமே.”

“சொன்னீங்க. என் ரத்தம் டாக்டர். எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறீங்க?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“எங்கண்ணனுக்கு.”

மருந்துப் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரவிந்தன் நிமிர்ந்தான். “எனக்கா? நான் எப்பக் கேட்டேன்?”

“வேலைக்குப் போனா வைரஸ் வரும், வைரஸ் வரும்னு தெனம் பாடுறியே. வருமா வராதான்னு கேட்டுக்க.”

டாக்டர் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். “ஆறு மாசத்துலயே வேலைக்குப் போகலாம்னு உன்கிட்ட சொன்னேனே. இன்னுமா வீட்டுல இருக்க?”

“பஸ்ல எப்படிங்க டாக்டர் போவா?” என்றான் அரவிந்தன். “எல்லாம் இருமிக்கிட்டு, தும்மிக்கிட்டு.”

“மாஸ்க் போட்டுக்கட்டும், கை கழுவட்டும், தடுப்பூசி போட்டுக்கட்டும். சளிக்கும் காய்ச்சலுக்கும் அது வேணும், விட்டுடக் கூடாது. ஆனா இந்தக் கிட்னிக்கு நாங்க பயப்படுறோமே பி.கே. வைரஸ், அது பஸ்லேர்ந்து வர்றதில்லப்பா.”

“பின்ன எங்கேர்ந்து வருது?”

எங்கள் பிரிவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தானம் கொடுத்தவர் எதிரில் இருக்கும்போது இந்தக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ‘அது பல வழி’ என்று சொல்லி, உப்பைக் குறைத்தாயா, தண்ணீர் குடித்தாயா என்று பேச்சைத் திருப்பிவிடுவோம். டாக்டரும் திருப்பத்தான் பார்த்தார்.

“அது எல்லார் உடம்புக்குள்ளயும் தூங்கிட்டு இருக்கிறதுதான். சில பேருக்கு முழிச்சுக்கும். அவ்வளவுதான்.”

“உடம்புல எங்க?” என்றாள் வேணி. கணக்குக்காரி. ஒரு படியைத் தாண்டி எழுதினால் விடமாட்டாள். “கிட்னியிலயா?”

“கிட்னியிலயும்.”

“எந்தக் கிட்னி?”

டாக்டர் மேசைமேலிருந்த ஃபைலை இழுத்துப் பிரித்தார். அரவிந்தனின் கை மெல்லத் தன் இடுப்புக்குப் போனது. தழும்பு இருக்கிற பக்கம்.

“என்கிட்டேர்ந்தா?” என்றான்.

6

நிறுத்துகிறேன். இந்த இடத்தில் நான் நான்கு நாள் நின்றேன்.

எட்டு மாதமாக ‘எங் கிட்னி, எங் கிட்னி’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவளின் கையில் இப்போது ஒரு அரிவாள் வந்து விழுந்திருக்கிறது. எடுத்து வீச வேண்டியதுதான் பாக்கி.

முடிவு ஒன்று. வீசுகிறாள். “கேட்டுக்கிட்டியா? வாசல்ல மஞ்சத் தண்ணிய வச்சுக் காவல் காத்தீங்களே, திருடன் உன்னோடவே உள்ள வந்து உக்காந்துட்டான்!” படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள். நானே தட்டினேன். அனுப்பியதும் வேணி எழுதினாள்: “நெனச்சேன். சொல்லல. நெனச்சதா எழுது.”

முடிவு இரண்டு. டாக்டர் மனமிரங்கி, விதியை மீறி ரிசல்ட்டைச் சொல்கிறார். நல்ல ரிசல்ட். அண்ணன் தங்கையை வண்டியில் ஏற்றி ஸ்ரீரங்கத்தில் இறக்கி விடுகிறான். [கெட்ட ரிசல்ட்டாக இருந்தால்? அப்போது தனித் தட்டு நியாயமாகிவிடுமா? இந்த முடிவை எழுதிய கையைக் கழுவினேன்.]

முடிவு மூன்று. அண்ணனின் கண்ணீரைப் பார்த்த வேணி வேலையே வேண்டாமென்று —

மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

7

நடந்தது இது.

அரவிந்தன் அழுதான். (எழுதிவிட்டேன் வேணி. திட்டு.) பெரிய ஆள், மருந்துப் பையில் முகத்தை வைத்துக்கொண்டு.

“அதையும் சேத்தா குடுத்தேன்? அதையும் சேத்தா?”

வேணி அப்போதுதான் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில்.

“அண்ணே, உன்னுதோ என்னுதோ, யாரு கண்டா? எனக்கே முன்னாடி இருந்திருக்கும். அந்தா லேபிள் ஒட்டுறாளே, அவளுக்குள்ளயும் இருக்கு.”

நான் தலையாட்டினேன்.

“டாக்டருக்கும்?” என்றான்.

“எனக்கும் இருக்கும்ப்பா.”

மூக்கை உறிஞ்சினான். யோசித்தான். “அப்ப அம்மா ஊத்தின மஞ்சத் தண்ணி?”

“ஊர்க்காரங்க காலு சுத்தமாச்சு.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கும். நான் குழாயில் லேபிளைக் கோணலாக ஒட்டினேன். அந்தச் சிரிப்போடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, மறுபடியும் அண்ணனாகிவிட்டான்.

“சரிங்க டாக்டர். அப்ப அந்த ஜீன் ரிசல்ட்டையே சொல்லிடுங்க. நல்லா இருந்துச்சுன்னா இன்னிக்கே நான் கொண்டுபோயி விடுறேன்.”

வேணி கேட்ட அதே கேள்வி. அவன் வாயிலிருந்து வந்தபோது எனக்குச் சுருக்கென்றது.

“ஆராய்ச்சிக் கமிட்டிக்கு எழுதிக் கேட்கலாம்” என்றார் டாக்டர். “கிடைச்சாலும் அது ஒரு சாய்வுதான், தீர்ப்பு இல்ல. மாசாமாசம் டெஸ்ட் எடுத்தா அது முழிக்க ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சிடும், மருந்தைக் குறைச்சுப் பாப்போம். அதுதான் நிஜமான காவல். அதை ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்தும் எடுக்கலாம்.”

“இருந்தாலும், நூத்துல எத்தனைன்னு —”

“நல்லா இல்லன்னா?” என்றாள் வேணி.

“என்னது?”

“ரிசல்ட் நல்லா இல்லன்னா விட மாட்டியா?”

அவன் டாக்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

“நான் போறதா வேணாமான்னு முடிவு பண்ண அதைக் கேக்கலண்ணே. நீ சரின்னு சொல்றதுக்காகக் கேட்டேன். தப்புக் கணக்கு.” எழுந்தாள். “பையைக் குடு.”

“மருந்துப் பைதானே இது?”

“மேல மருந்து. அடியில என் சர்டிபிகேட்டு பூரா. திருவெள்ளறையிலேர்ந்து நீதான் தூக்கிட்டு வந்த.”

8

வரைபடத்தில் வேணியின் புள்ளி எந்தக் கூட்டத்தில் நிற்கிறது என்று தேட எனக்கு அரை நிமிடம் போதும். தேடினேனா இல்லையா என்பது என் பாடு.

உங்களுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கும். இவ்வளவு தூரம் படித்தாயிற்றே. புள்ளி நல்ல பக்கத்தில் இருந்தால், அவள் செய்தது சரிதான் என்று நிம்மதியாகப் பக்கத்தை மூடலாம். அரவிந்தனும் அப்படித்தான் கேட்டான். அவனுக்காவது ஒரு கிட்னி கொடுத்த உரிமை இருந்தது.

வைரஸ் விழிக்கும் முடிவு ஒன்று உண்டு, விழிக்காத முடிவு ஒன்று உண்டு. இரண்டும் நடக்கக்கூடியவை. எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் சரி, அந்த நாளில் அவளை ஒரு வகுப்பறையில், பலகையின் முன்னால், கையில் சாக்பீஸோடு நிறுத்துங்கள். பீரோக் கதவுக்கு முன்னால் அல்ல. நான் வைரஸுக்கு முடிவு எழுத மாட்டேன். எனக்கு எழுத மிச்சம் இருப்பது ஒரு கதவு மட்டும்.

வேணி பையைத் தோளில் மாட்டினாள். டாக்டருக்கு வணக்கம் சொன்னாள். “அடுத்த மாசம் டெஸ்டுக்கு நானே வந்துடுறேன்” என்றாள். லிஃப்ட்டுக்குக் கூட்டம் நின்றது. அவள் படியில் இறங்கினாள். அரவிந்தன் மாடி வராந்தாக் கம்பி வரை ஓடிப்போய்க் குனிந்து கத்தினான்.

“வேணி! மாஸ்க்கு!”

கீழே காத்திருந்த மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. அவள் திரும்பவில்லை. காதில் மாட்டியிருந்த நாடாவை ஒரு விரலால் இழுத்து விட்டுக் காட்டினாள். வெளியே ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ் ஹாரன் அடித்தது. வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.